ஹெட்போனில் இடிக்கிற கிக் ஸ்பீக்கரில் ஏன் சப்பென்று போகிறது?

உப்புவெளியில் கடற்கரையோர ஹோட்டல் முற்றமொன்றில் நண்பருடன் வாசிக்கிறீர்கள். அவர் கிட்டார், நீங்கள் கீபோர்ட் பேஸும், வேறொருவர் பாவித்துவிட்டு விற்ற கோர்க் வோல்கா பீட்ஸ் என்ற சின்ன ட்ரம் மெஷின் ஒன்றும். ஹெட்போனில் கிக் (பேஸ் ட்ரம்மின் அடி) நெஞ்சில் இடிக்கிறது. 12 அங்குல பவர்ட் ஸ்பீக்கர் இரண்டில் போட்டால் "அப்பளம் நொறுங்கிறது போல" இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மிக்சரில் கெயினை முழுக்கத் திருப்பியும் சத்தம் காணாது, இரைச்சல்தான் கூடுகிறது. எந்தக் கொம்பிரசர் (உரத்த ஒலியை அமுக்கிச் சமப்படுத்தும் கருவி) வாங்கினால் ரோலண்டின் 808 ட்ரம் மெஷின் மாதிரி குத்து வரும் என்பது உங்கள் கேள்வி. கேள்வி கொம்பிரசரைப் பற்றியதாக இருந்தாலும், நீங்கள் அறிய விரும்புவது ஹெட்போனில் இருந்த குத்து வழியில் எங்கே தொலைகிறது என்பதைத்தான். ஆகவே அதைத் தேடுவோம். கொம்பிரசருக்கான பதில் "இப்போதைக்கு வேண்டாம்". காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

குத்து என்று நாம் சொல்வது சத்தத்தின் அளவும் இல்லை, பேஸின் அளவும் இல்லை. அடி விழுந்த முதல் பத்து, இருபது மில்லிசெக்கனில் ஒலி எவ்வளவு உயரத்துக்குப் பாய்கிறது, அதற்குப் பிறகு எவ்வளவு கெதியாக இடத்தை விட்டு விலகுகிறது என்ற வித்தியாசத்தைத்தான் காது குத்து என்று எடுத்துக்கொள்கிறது. தவிலை நினைத்துப் பாருங்கள். கூடு போட்ட விரல் வலந்தலையில் விழும்போது வரும் கூரிய சத்தம் தேர் வீதியின் மறு மூலைக்கும் போய்ச் சேரும். தொப்பியில் கழி விழும் முழக்கம் அதற்கு உடம்பு கொடுக்கும். முழக்கம் மட்டும் இருந்தால் தூரத்தில் வெறும் உறுமல். ட்ரம் மெஷினிலும் இதே கணக்குத்தான்: முனையும் வேண்டும், உடம்பும் வேண்டும், உடம்பு நேரத்துக்கு முடியவும் வேண்டும்.

முதலில் கேபிளைப் பாருங்கள். நேரில் பார்க்காமல் சொல்வதால் இது ஊகம்தான். ஆனால் கெயின் முழுக்கத் திறந்தும் மெலிந்த சத்தம், கூடவே இரைச்சல் என்ற அறிகுறிகள் ஒரே பக்கத்தைத்தான் காட்டுகின்றன. வோல்கா பீட்ஸில் இருப்பது ஒரேயொரு 3.5 மில்லிமீற்றர் ஸ்டீரியோ ஹெட்போன் சொக்கெட். அதிலிருந்து இடமும் வலமுமாக இரண்டு சிக்னல் வெளிவருகிறது; இரண்டிலும் ஏறக்குறைய ஒரே ஒலிதான். மிக்சரில் உள்ள மொனோ லைன் இன்புட், மைக் இன்புட் இரண்டும் பெரும்பாலும் பலன்ஸ்ட் வகை. பலன்ஸ்ட் இன்புட் செய்யும் வேலை, பிளக்கின் நுனியில் வருவதிலிருந்து நடு வளையத்தில் வருவதைக் கழிப்பது. நீளமான மைக் வயரில் ஏறும் இரைச்சலை அழிக்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் இரு முனையிலும் ஸ்டீரியோ பிளக் உள்ள கேபிளால் ஹெட்போன் சொக்கெட்டை அங்கே இணைத்தால், இடத்திலிருந்து வலம் கழிபடும். இரண்டிலும் ஒரே கிக் என்றபடியால் கிக் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. இரண்டு பக்கத்துக்கும் இடையிலுள்ள சின்ன வித்தியாசம் மட்டும் மிஞ்சும். அப்பளச் சத்தம் அதுவாக இருக்கலாம்.

சோதிப்பது சுலபம். பிளக்கின் உலோகப் பகுதியில் கறுப்பு வளையம் இரண்டு இருந்தால் ஸ்டீரியோ, ஒன்று இருந்தால் மொனோ. மிக்சர் பக்கத்தில் இரண்டு வளையம் உள்ள பிளக் ஒற்றைச் சொக்கெட்டில் போயிருந்தால் சந்தேகம் பலக்கும். மாஸ்டர் சத்தத்தை நன்றாகக் குறைத்துவிட்டு, அந்தப் பிளக்கை ஒரு கிளிக் அளவு வெளியே இழுத்துப் பாருங்கள். திடீரென்று கிக் நிரம்பி வந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. மாற்றுவதற்கு வேண்டியது, ஒரு முனையில் 3.5 மில்லிமீற்றர் ஸ்டீரியோவும் மறு முனையில் 6.35 மில்லிமீற்றர் மொனோ பிளக் இரண்டும் உள்ள கவட்டுக் கேபிள். அதை ஸ்டீரியோ சானலின் இரு சொக்கெட்டிலும் கொடுங்கள். இடம் போதாவிட்டால் ஒன்றை மட்டும் ஒரு மொனோ சானலில் கொடுத்தாலும் போதும். மொனோ பிளக் ஒன்றை நேராக வோல்காவின் ஹெட்போன் சொக்கெட்டில் குத்த வேண்டாம். அது ஒரு பக்க அவுட்புட்டை எர்த்துடன் சோர்ட் பண்ணும்.

அடுத்தது லெவல். வோல்காவின் வொலியூமை முக்கால்வாசிக்கு மேல் வைத்துக்கொண்டு, மிக்சரின் கெயினை கிக் விழும்போது மீற்றர் பூச்சியத்தைத் தொடும் அளவுக்குத் திருப்புங்கள். மெஷினைக் குறைவாக வைத்து மிக்சரில் தூக்கினால் மெஷினின் இரைச்சலும் சேர்ந்து தூக்கப்படும். ஸ்பீக்கரின் பின்னால் லிமிட் அல்லது கிளிப் என்ற சிவப்பு லைட் ஒவ்வொரு கிக்குக்கும் எரிந்தால், உள்ளேயிருக்கும் லிமிட்டர் (சத்தம் எல்லை தாண்டாமல் தடுக்கும் சுற்று) நீங்கள் தேடுகிற முனையையே வெட்டுகிறது என்று அர்த்தம். அப்போது சத்தத்தைக் கூட்டக் கூட்டக் குத்து குறையும். மூன்று டெசிபல் குறைத்துப் பாருங்கள், கிக் நிமிர்ந்து நிற்கும். ஸ்பீக்கரில் பேஸ் பூஸ்ட் பட்டன் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். அறைக்குள் சின்னச் சத்தத்தில் அது இனிக்கும். வெளியில் பெரிய சத்தத்தில் லிமிட்டருக்குத் தீனி.

இனி மெஷினுக்குள் வருவோம். பாதிக்கு மேல் வேலை இங்கேதான். வோல்கா பீட்ஸின் கிக்குக்கு கிளிக் (அடியின் முனை), பிட்ச் (சுருதி), டிகே (ஒலி அடங்க எடுக்கும் நேரம்) என்று மூன்று நொப் இருக்கிறது. ஹெட்போனில் கேட்டு வைத்த அமைப்பு ஏறக்குறைய எப்போதும் பிட்ச் குறைவாகவும் டிகே நீளமாகவும் இருக்கும், ஏனென்றால் ஹெட்போன் காதோடு ஒட்டியிருப்பதால் 40 ஹேர்ட்ஸும் தாராளமாகக் கேட்கும். 12 அங்குல ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை 55, 60 ஹேர்ட்ஸுக்குக் கீழே கெதியாக மெலியும். அதோடு நம்முடைய காதே தாழ்ந்த சுருதிக்கு மந்தம். 50 ஹேர்ட்ஸும் 1000 ஹேர்ட்ஸும் ஒரே உரப்பில் கேட்க வேண்டுமென்றால் முன்னையதற்குப் பலமடங்கு சக்தி வேண்டும். ஆகவே கிக்கை 65 முதல் 75 ஹேர்ட்ஸுக்குள் தூக்குங்கள். ஆழம் கொஞ்சம் போகும், ஆனால் கேட்கிற கிக் கிடைக்கும். அளப்பதற்குப் போன் அப்பை நம்ப வேண்டாம், போன் மைக்கின் காது இந்த ஆழத்தில் பழுது. கீபோர்டில் அந்தச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு, கிக்கின் டிகேயைத் தற்காலிகமாக நீட்டி, இரண்டும் சேர்ந்து அலையடிப்பது நிற்கும்வரை பிட்சைத் திருப்புங்கள். கீழ் ஸ்தாயி சி 65.4 ஹேர்ட்ஸ், டி 73.4. பாட்டின் சுருதிக்குப் பொருந்துகிற ஒன்றில் நிறுத்தினால் பேஸோடு முட்டாது.

பிட்ச் சரிவந்த பிறகு டிகேயைக் குறைக்கத் தொடங்குங்கள். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஒரு அடிக்கு 500 மில்லிசெக்கன், அடியின் கால்வாசியான ஒரு ஸ்டெப்புக்கு 125. (60,000ஐ வேகத்தால் வகுத்தால் ஒரு அடி வரும்.) கிக் 200, 250 மில்லிசெக்கனுக்குள் அடங்கினால் அடுத்த பேஸ் சுரத்துக்கு இடம் கிடைக்கும். காதால் பிடிக்க ஒரு வழி: வால் "தூம்" என்று இழுக்காமல் "தும்" என்று நிற்கும் இடம். மேலும் குறைத்தால் "டப்" ஆகிவிடும், அங்கிருந்து ஒரு மயிரிழை திரும்பி வாருங்கள். கிளிக் நொப்பை மணிக்கூட்டின் 2 மணி நிலையைத் தாண்டி வைக்கத் தயங்க வேண்டாம். தனியாகக் கேட்கும்போது கிளிக் பிளாஸ்டிக் தட்டுவது போல அசிங்கமாக இருக்கும். கிட்டாரும் கடலிரைச்சலும் சேரும்போது அதுதான் கிக்கை முன்னே தள்ளும். அதிலும் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் திறந்தவெளியில் உயர்ந்த சுருதிகள் காற்றோடு அலைந்து போகும், ஒரு பிடி கூடவே வேண்டும்.

கிளிக் போதாவிட்டால் கிக் விழும் அதே ஸ்டெப்பில் கிளேவ்ஸையும் (மரக்கட்டை தட்டும் ஒலி) போட்டு, அதன் பிசிஎம் ஸ்பீடையும் (பதிவு ஒலி ஓடும் வேகம்) லெவலையும் நன்றாகக் குறையுங்கள். தனியாகக் கேட்காது, நிறுத்தினால் மட்டும் குறை தெரியும் அளவு. ஸ்னேருக்கும் இதே வித்தை: வோல்கா பீட்ஸின் ஸ்னேர் பிறவியிலேயே நோஞ்சான் என்பது அதைப் பாவித்தவர்கள் பலரும் சொல்கிற முறைப்பாடு. அதோடு கிளாப்பைச் சேர்த்துவிட்டால் தேறிவிடும். மூடிய ஹை-ஹாட்டை எல்லா ஸ்டெப்பிலும் ஒரே லெவலில் ஓட விடுவது குத்தைக் கொல்லும் இன்னொரு பழக்கம். கிக் விழும் இடத்தில் ஹை-ஹாட்டை எடுத்துப் பாருங்கள், அந்தக் கிக் பெரிதாகத் தோன்றும். மெஷினில் எதையும் கூட்டாமல் கிடைக்கிற இலாபம்.

இரண்டு மெஷினின் கிக்கை அடுக்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது நேரம். 50 ஹேர்ட்ஸ் அலை ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெக்கன் எடுக்கும். ஒன்று மற்றதைவிட 10 மில்லிசெக்கன் பிந்தினால் ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழுந்து உடம்பு காணாமல் போகும். மெஷின்களை இணைக்கும் மிடி வயரில் ஒரு சுரச் செய்தி போக ஏறக்குறைய ஒரு மில்லிசெக்கன் வேண்டும் என்பதால், ஒரே கணத்தில் நாலைந்து ஒலியைக் கூப்பிட்டால் கடைசி ஒன்று சில மில்லிசெக்கன் பிந்தும். இரண்டு கிக்கைச் சேர்த்தபின் ஒன்றைவிட மெலிந்து கேட்டால், ஒன்றின் போலாரிட்டியைப் புரட்டிப் (அலையின் மேட்டைப் பள்ளமாக்கிப்) பாருங்கள். அதுவும் சரிவராவிட்டால் உடம்புக்கு ஒன்று, முனைக்கு மற்றது என்று பிரித்து, முனைக்கு வைத்ததன் லோவை ஈக்யூவில் முழுதாக வெட்டுங்கள்.

"808 மாதிரி" என்றதைப் பற்றியும் ஒரு சொல். ரோலண்ட் டிஆர்-808 வந்தது 1980இல். அதன் கிக், தட்டிவிட்ட மணி போலத் தானாக ஒலித்து அடங்குகிற ஒரு சுற்று, ஏறக்குறைய 50 ஹேர்ட்ஸில். நொப்கள் லெவல், டோன், டிகே மட்டும். அதன் அழகே நீண்ட உறுமல், பெரிய சப்வூஃபர் இருந்தால்தான் அது அழகு. நீங்கள் தேடுகிற இடி 1983இல் வந்த டிஆர்-909இனுடையது. அதில் அடி விழும் கணத்தில் பிட்ச் உயரத்திலிருந்து கீழே சரிகிறது, முனைக்கென்றே அட்டாக் என்று தனி நொப்பும் உண்டு. அந்தச் சரிவுதான் சின்ன ஸ்பீக்கரிலும் "கிக்" என்று அடையாளம் காட்டுவது. ஆகவே முன்மாதிரியாக எடுத்துக் கேட்க வேண்டியது 909இன் ஒலிப்பதிவுகளை. 12 அங்குல ஸ்பீக்கரில் 808ஐத் துரத்துவது வீண் வேலை என்பது என் கருத்து.

மெஷின் ஒழுங்கானபின் மற்றவர்களை விலக்க வேண்டும். கிட்டார், பாட்டு மைக், கீபோர்டின் வலக்கை என்று கிக்கும் பேஸும் அல்லாத ஒவ்வொரு சானலிலும் லோ கட் பட்டனை அமுக்குங்கள். சின்ன மிக்சர்களில் அது 75 முதல் 100 ஹேர்ட்ஸுக்குள் இருக்கும். மைக் வழியாக மேடை அதிர்வும் காற்றும் கொண்டுவரும் குப்பை அத்தோடு போகும். கிக் விழும் ஸ்டெப்பில் பேஸ் சுரத்தைத் தொடங்காமல் ஒரு ஸ்டெப் பிந்தித் தொடங்குவது இன்னும் பலன் தரும். ஸ்டூடியோக்களில் சைட்செயின் கொம்பிரசர் வைத்துக் கிக் விழும்போது மட்டும் பேஸை அமுக்குவதும் இதற்காகத்தான்; நீங்கள் அதை விரலாலேயே செய்துவிடலாம். கிக்குக்கு ரிவேர்ப் வேண்டாம். மிக்சரின் உள்ளே இருக்கிற எஃபெக்ட் தவறுதலாக அந்தச் சானலில் திறந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், இது அடிக்கடி நடக்கிற பிழை.

ஸ்பீக்கர் வைக்கும் இடம் பலரும் யோசிக்காதது. 60 ஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 5.8 மீற்றர். அதன் கால்வாசி 1.45 மீற்றர். பின்சுவரிலிருந்து சரியாக அந்தத் தூரத்தில் ஸ்பீக்கர் நின்றால், சுவரில் பட்டுத் திரும்பும் அலை நேர் அலைக்கு எதிராக வந்து அந்தச் சுருதியையே விழுங்கும். ஹோட்டல் முற்றங்களில் ஆட்கள் நடமாட வழிவிட்டு ஸ்பீக்கரை முன்னே தள்ளுவது அனேகமாக அந்தத் தூரத்தில்தான் வந்து முடிகிறது. சுவரோடு அரை மீற்றருக்குள் நெருக்கினால் அதே சுவர் பேஸைக் கூட்டித் தரும். சுவரே இல்லாத மணலில் வைத்தால் அந்த உதவியை எதிர்பார்க்க முடியாது. பின்னொரு நாள் சப்வூஃபர் இரண்டு வாடகைக்கு எடுத்தால், பக்கத்துக்கு ஒன்றாகப் பிரிக்காமல் இரண்டையும் ஒன்றோடொன்று ஒட்டி வையுங்கள். பிரித்தால் நடுவில் நிற்பவருக்கு இடி, நாலு அடி தள்ளி நிற்பவருக்கு ஒன்றுமில்லை என்று ஆகும்.

இப்போது கொம்பிரசர். வோல்கா பீட்ஸில் ஒவ்வொரு ஒலிக்கும் தனி அவுட்புட் கிடையாது. முழுக் கலவையையும் ஒரு கொம்பிரசருக்குள் விட்டால், கிக் விழும்போதெல்லாம் ஹை-ஹாட்டும் ஸ்னேரும் சேர்ந்து அமுங்கி மூச்சு வாங்கும். நடன இசையில் அது வேண்டுமென்றே செய்வது. உங்கள் கிட்டார் பாட்டுக்குப் பொருந்துமா என்பது ரசனை. அட்டாக்கை (கொம்பிரசர் அமுக்க எடுக்கும் நேரம்) பிழையாக வைத்தால் நிலைமை இன்னும் மோசம்: ஒரு மில்லிசெக்கனில் அமுக்கத் தொடங்கும் கொம்பிரசர் முனையைத்தான் முதலில் சப்பையாக்கும். குத்துக்காகப் பாவிப்பதென்றால் அட்டாக் 20 முதல் 30 மில்லிசெக்கன், ரிலீஸ் (அமுக்கியதை விட எடுக்கும் நேரம்) 100 முதல் 150, விகிதம் 4க்கு 1, அமுக்கும் அளவு 3 முதல் 5 டெசிபல். முனை தப்பிப் போன பிறகு வால்தான் அமுங்கும், வித்தியாசம் பெருகும். ரிலீஸை 50 ஹேர்ட்ஸ் அலையின் ஒரு சுற்றான 20 மில்லிசெக்கனை விடக் குறைத்தால், கொம்பிரசர் ஒவ்வொரு அலைக்கும் ஏறி இறங்கிப் பேஸைக் கரகரக்க வைக்கும். தனி அவுட்புட் உள்ள டிஆர்-8எஸ் போன்ற மெஷின் கையில் இருந்தால் நிலைமை வேறு. அங்கே கிக்கை மட்டும் பிரித்து அமுக்கலாம்.

காசு செலவில்லாமல் அதற்குக் கிட்ட வர ஒரு வழி இருக்கிறது. கவட்டுக் கேபிளின் இரண்டு பிளக்கையும் இரண்டு மொனோ சானலில் போடுங்கள். இரண்டிலும் வருவது ஏறக்குறைய ஒரே ஒலி என்பதால் அதைக் கிக்குக்கு ஒன்று, மற்றவற்றுக்கு ஒன்று என்று ஆக்கலாம். முதலாவதில் ஹையையும் மிட்டையும் முழுதாகக் குறைத்து லோவை இரண்டு, மூன்று டெசிபல் கூட்டுங்கள். இரண்டாவதில் லோ கட்டை அமுக்குங்கள். இரண்டின் ஃபேடரும் இப்போது உடம்பும் முனையும் போல. முழுமையான பிரிப்பு இல்லை. இரண்டும் சந்திக்கிற 100 ஹேர்ட்ஸ் பக்கத்தில் ஃபேஸ் விலகலால் (அலைகள் நேரம் பொருந்தாமல் போவதால்) கொஞ்சம் பள்ளம் விழலாம். மிக்சருக்கு மிக்சர் அது மாறும் என்பதால் காதால்தான் தீர்மானிக்க வேண்டும். முதலாவது சானலில் மட்டும் மெல்லிய ஓவர்ட்ரைவ் (ஒலியை முறுக்கும் எஃபெக்ட்) சேர்க்க முடிந்தால் இன்னும் நல்லது. 65 ஹேர்ட்ஸ் கிக்கைக் கொஞ்சம் முறுக்கினால் 130, 195 என்று மேல் மடங்குகள் பிறக்கும். அடிச்சுரத்தைச் சரியாகத் தர முடியாத ஸ்பீக்கரிலும் அந்த மடங்குகளைக் கேட்டு மூளை அடிச்சுரத்தை நிரப்பிக்கொள்ளும். கிட்டார் டிஸ்டோர்ஷன் பெடல்களில் பல பேஸை வெட்டிவிடுபவை என்பதால், முறுக்கிய ஒலியை முறுக்காத ஒலியோடு கலந்துதான் விட வேண்டும்.

மின்சாரம் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. நம்முடைய மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். எர்த் பிழையால் வரும் உறுமலும் 50, 100 ஹேர்ட்ஸில், அதாவது கிக்கின் வீட்டு வாசலிலேயே குந்தியிருக்கும். உறுமலோடு கலந்த கிக் மங்கித்தான் கேட்கும். மெஷினை மட்டும் பற்றரியில் ஓட்டிப் பாருங்கள். வோல்காவுக்கு ஏஏ பற்றரி ஆறு. உறுமல் நின்றால் குற்றம் அடப்டர் வழியில். அடப்டர் வாங்குவதென்றால் 9 வோல்ட், நடுமுனை பொசிட்டிவ். கிட்டார் பெடல் அடப்டர்கள் பெரும்பாலும் நடுமுனை நெகட்டிவ். நண்பரின் பெடல் அடப்டரை அவசரத்துக்குக் கடன் வாங்க வேண்டாம். உப்புக்காற்றில் சொக்கெட்டும் நொப்பும் களிம்பு பிடித்துக் கரகரப்பதும் எங்கள் ஊரில் சாதாரணம். டிகே நொப்பைத் திருப்பும்போது கிக் நீளம் தாவினால், மெஷினை நிறுத்திவிட்டு நொப்பை முப்பது, நாற்பது தரம் முழுச் சுற்றாகத் திருப்புங்கள். தீராவிட்டால் கொன்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு. வாசித்து முடிந்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டிக்குள் வையுங்கள்.

கேபிளைப் பார்த்துவிட்டு, மிக்சர் பக்கத்துப் பிளக்கில் எத்தனை வளையம், எந்தச் சொக்கெட்டில் போயிருக்கிறது, பின்சுவருக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்ற மூன்றையும் எழுதுங்கள். கேபிள் சரியாக இருந்தால் என் முதல் ஊகம் பிழை, லெவலிலிருந்து திரும்பத் தொடங்குவோம்.